அறமும் சமய அறிவிப்பும்
பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் நிதி திரட்டப்பட்ட முறைகள் பற்றிய ஒரு நோக்கு

சமயத்தின் பெயரால் இயங்கும் தரும நிறுவனங்கள் பொதுமக்களிடம் பொருள் திரட்டும்போது தமது சமயச் சார்பினை வெளிப்படையாகக் கூறுதல் வேண்டுமா என்பது நீண்ட காலமாக எழுப்பப்பட்டு வரும் வினாவாகும். பசித்தவனுக்குச் சோறிடுவதற்குச் சமயம் எதற்கு என வினவுவோர் ஒருபுறம். கொடுப்பவன் தான் எதற்குக் கொடுக்கிறான் என்பதை அறியும் உரிமையுடையவன் என்போர் மறுபுறம். இவ்வினாவைக் கொள்கையளவில் மட்டும் ஆராய்ந்தால் முடிவு காண்பது அரிது. வரலாற்றில் ஒரு குறித்த களத்தை எடுத்து நோக்குதலே பயனுடையது. அத்தகைய களமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தைக் கொள்ளலாம். மிசனரிமாரும் சைவரும் அரசாங்க அதிபரும் தத்தமக்குரிய முறையிற் பொருள் திரட்டித் தருமம் நடாத்திய காலம் அது.

அமெரிக்க மிசனைச் சேர்ந்தோர் 1816ஆம் ஆண்டு இலங்கையை அடைந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தமது நிலையங்களை நிறுவினர். இவர்களுக்கு வேண்டிய பணம் அமெரிக்காவிலுள்ள திருச்சபை மக்களிடமிருந்து பொஸ்டன் நகரத்துச் சங்கத்தின் ஊடாக வந்தது. ‘மிசனரி ஹெரால்ட்’ என்னும் சஞ்சிகையில் யாழ்ப்பாணத்துக் கடிதங்கள் அச்சாயின. அவற்றைப் படித்தோர் பணம் அனுப்பினர். அக்கடிதங்களிலே சமய நோக்கம் மறைக்கப்படவில்லை. சுவிசேஷத்தைப் பரப்புவதற்கே பாடசாலை என்பது கொடுத்தவர் அனைவரும் அறிந்த செய்தியாகும். ஆகவே, கொடையாளருக்கு உண்மை கூறப்பட்டதா என்ற வினாவுக்கு இங்கு ‘ஆம்’ என்றே விடையிறுத்தல் வேண்டும்.

விடுதிப் பாடசாலைகளுக்கு நிதி சேர்த்த முறை தனியே கவனிக்கத்தக்கது. ஒரு கொடையாளரோ ஒரு திருச்சபையோ ஒரு பிள்ளையின் பராமரிப்புக்கென ஆண்டுதோறும் ஒரு தொகை செலுத்தின், அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டும் உரிமை அவர்களுக்கு உண்டாயிற்று. அமெரிக்கப் போதகர்களின் பெயர்களும் கொடையாளர் பெயர்களும் யாழ்ப்பாணத்துச் சிறுவர் சிறுமியருக்கு வந்து சேர்ந்தமை இவ்வாறே.  கொடையாளருக்கு இதனினும் வெளிப்படையான கணக்கு வேறில்லை. தாம் கொடுத்த பணம் எந்தப் பிள்ளையிடம் சென்றது என்பதைப் பெயர் சொல்லி அறிய முடிந்தது. ஆனால் அப்பெயர் பெற்றோர் இட்ட பெயரன்று என்பதையும் மறத்தலாகாது.

1823இல் வட்டுக்கோட்டையில் ஒரு கல்லூரியை நிறுவும் பொருட்டு மிசனரிமார் ஒரு திட்டத்தை அச்சிட்டு வெளியிட்டனர். தமிழ் இளைஞருக்கும் பிறருக்கும் இலக்கியப் போதனையும் சமயப் போதனையும் அளிக்கும் கல்லூரி என அதன் தலைப்பிலேயே நோக்கம் இரண்டும் எழுதப்பட்டிருந்தன. கல்லூரி என்ற பெயரோடு இயங்குதற்கு அரசாங்க அனுமதி கிடையாமையால் அது ‘செமினரி’ எனவே வழங்கலாயிற்று. எனினும் உதவி வராமலில்லை. பிரித்தானிய உத்தியோகத்தரும் பொருள் வழங்கினர். பிரதம நீதியரசராயிருந்த சேர் றிச்சட் ஒற்லியின் பெயரை அங்கு எழுந்த ஒற்லி மண்டபம் தாங்கிற்று. சமயத்தைக் கூறினால் உதவி குன்றும் என்னும் அச்சம் இவ்விடத்திற் பொருந்தவில்லை.

அங்ஙனமாயின் முரண்பாடு எங்கே தோன்றிற்று? கொடுத்தவருக்குக் கூறப்பட்ட நோக்கமும் பெற்றவர் கொண்ட நோக்கமும் வேறுபட்ட இடத்திலே தோன்றிற்று. அமெரிக்கர் ஆன்ம ஈடேற்றத்துக்காகக் கொடுத்தனர். யாழ்ப்பாணத்துப் பெற்றோரோ ஆங்கிலக் கல்விக்காகவும் அதன் வழி வரும் உத்தியோகத்துக்காகவும் பிள்ளைகளை அனுப்பினர். செபமும் வேதபாடமும் பாடசாலையில் ஒளிவின்றி நடந்தன. எனவே பெற்றோர் ஏமாற்றப்பட்டனர் எனக் கூறுதல் நேர்மையாகாது. ஆயினும் தம்மையும் தம் வழிபாட்டையும் பற்றிக் கடல் கடந்த நாட்டிலே என்ன எழுதப்பட்டது, எத்தகைய சொற்களாற் பணம் கேட்கப்பட்டது என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. அஞ்ஞான இருளில் அமிழ்ந்த மக்கள் எனத் தம் பிள்ளைகள் வருணிக்கப்பட்டதைக் கேட்டிருப்பின் எத்தனை பெற்றோர் மனமுவந்து அனுப்பியிருப்பர்?

இந்த முரண்பாட்டின் விளைவு 1855இல் வெளிப்பட்டது. பொஸ்டனிலிருந்து வந்த றூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு, செமினரியிற் கற்ற பலர் மிசன் பணிக்கு வராது வேறு உத்தியோகங்களை நாடுவதைக் கண்டது. ஆங்கிலக் கல்வியினும் கிராமப் பாடசாலையும் சுதேசப் போதகரும் முதன்மை பெறல் வேண்டும் என அக்குழு கொண்டதன் பயனாகச் செமினரி மூடப்பட்டது. ஆசியாவிலேயே உயர்ந்த கல்வி நிலையங்களுள் ஒன்றாக மதிக்கப்பட்ட நிறுவனம், கொடையாளரின் எதிர்பார்ப்பு நிறைவேறாமையால் ஒரே ஆண்டில் மறைந்தது. அதன் இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றுதற்கு 1872 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கொடையாளரின் நோக்கத்துக்கு மட்டுமே பொறுப்புடைய தருமம், பெறுவோரின் தேவையைக் கேளாமலே கைவிடப்படலாம் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

மிசன் வரலாற்றிலேயே இதற்கு மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியப் பணி புரிந்த டாக்டர் சாமுவேல் கிறீன், மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தவர். அவர் தமது சமய நோக்கத்தை எவரிடத்தும் ஒளித்தாரில்லை. தமிழருக்கு வைத்திய நற்செய்தியாளர் என்றே தமது கல்லறையிற் பொறிக்கப்பட வேண்டும் என விரும்பினார். அமெரிக்காவிலுள்ள அக்கல்லறை இன்றும் அவ்வாறே கூறுகின்றது. கொடுத்தவருக்கும் நோயாளிக்கும் ஒரே முகத்தைக் காட்டியமையாலேயே சைவருள்ளும் அவர் பெயர் நன்றியோடு நினைக்கப்படுகின்றது எனலாம்.

இனிச் சைவர் பக்கத்தை நோக்குவோம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் நிறுவிய பாடசாலைக்குச் சைவப்பிரகாச வித்தியாசாலை எனப் பெயரிட்டார். பெயரே நோக்கத்தைப் பறைசாற்றிற்று. மிசன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும் உவெஸ்லியன் போதகரான பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தும் அனுபவம் பெற்ற நாவலர், பொருள் திரட்டும் முறையையும் அச்சு யந்திரத்தின் பயனையும் அவர்களிடமிருந்தே அறிந்து கொண்டார். சைவரிடம் சைவத்தின் பொருட்டு என்று கேட்டார். யாருடைய பிள்ளைக்காகக் கேட்டாரோ அவரிடமே கேட்டார். கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே ஊரவராதலின் ஒருவருக்கு ஒன்றும் மற்றவருக்கு வேறொன்றும் கூறுதல் இயலாத காரியமாயிற்று.

இவ்வெளிப்படைத் தன்மைக்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. அரசாங்க உதவி நெடுங்காலம் கிட்டவில்லை. 1872இல் அவர் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பொருள் போதாமையாற் சில ஆண்டுகளிலேயே நின்றுபோயிற்று. அவ்வாண்டிலேயே ‘யாழ்ப்பாணச் சமயநிலை’யை வெளியிட்டுச் சைவரின் குறைகளையும் கடிந்தார். தம் பக்கத்தாரை முகத்துக்கு நேரே கடிபவர்க்குக் கொடை குறைதல் இயல்பே. ஆயினும் அவர் இட்ட அடித்தளத்தின் மீதே 1888இல் சைவ பரிபாலன சபை எழுந்தது. 1890இல் இந்துக் கல்லூரி உருப்பெற்றது. அக்கல்லூரிக்கு மூலமான பாடசாலையைத் தொடக்கியவர் வில்லியம் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்பது சிந்திக்கத்தக்கது. வட்டுக்கோட்டையின் விளைபொருளான அறிஞர் ஒருவரின் முயற்சி சைவக் கல்லூரியாய் மலர்ந்தது.

மூன்றாவது வகைத் தருமமும் அக்காலத்தில் இருந்தது. 1850இல் அரசாங்க அதிபர் டைக் துரையின் முயற்சியால், ‘பிறெண்ட் இன் நீட்’ என்னும் ஆபத்துக்குதவும் நண்பர் சங்கத்தின் பெயரால் யாழ்ப்பாணத்தில் வைத்தியசாலை தோன்றிற்று. இன்றைய போதனா வைத்தியசாலையின் மூலம் அதுவே. அதன் பெயரிற் சமயம் இல்லை. நோயாளியின் ஆபத்து ஒன்றே சுட்டப்பட்டது. சமய நோக்கம் இல்லாதவிடத்து அதனைக் கூறுதற்கும் இடமில்லை. ஆகவே நாம் வேண்டுவது எல்லாத் தருமமும் சமயச் சின்னம் அணிதல் வேண்டும் என்பதன்று. இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் கூறுதலே ஆகும்.

இவ்வினா பழங்கதையாகி விடவில்லை. 2003இல் மெஞ்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர் சபையைக் கூட்டிணைக்கும் சட்டமூலத்தை ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், சமயப் பரப்புதலையும் பொருளுதவியையும் ஒருங்கே கொண்ட நோக்கம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதது எனத் தீர்மானித்தது. 2005இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இதனை அச்சபையாரின் உரிமை மீறலெனக் கண்டது. இத்தீர்மானத்தில் ஓர் ஆபத்து உண்டு. நோக்கத்தை ஒளியாது எழுதிக் கொடுத்த நிறுவனம் தடைப்படுமாயின், எழுதாது ஒளிப்பதே இலாபம் எனப் பிறர் கற்றுக்கொள்வர். உண்மை கூறுவோரைத் தண்டித்து ஒளிவை ஒழித்தல் இயலாது.

எனவே, சமயத் தருமம் தன் சமயத்தைக் கூறுதல் வேண்டும் என்பதே எமது துணிபு. ஆனால் கொடுப்பவரிடம் மட்டும் கூறுதல் பாதி நேர்மையே. பணம் கேட்கும் கடிதத்தில் எழுதப்பட்ட சொல், அப்பணத்தாற் சோறும் கல்வியும் பெறுவோர் முன்னிலையிலும் நாணமின்றி வாசிக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். வட்டுக்கோட்டைப் பெற்றோருக்கு அக்கடிதங்களை எவரும் வாசித்துக் காட்டவில்லை. இனிவரும் தருமங்களாவது வாசித்துக் காட்டத் துணியுமாயின், கொடுப்பவர்க்கும் குறைவில்லை, பெறுபவர்க்கும் இழிவில்லை.