சருகுமானிலிருந்து உடன்பிறப்புகள் வரை: மலேசியாவில் விலங்குக் கதையும் பாலர் அசைவூட்டப்படமும்

முன்னுரை

விலங்குகளைப் பேசவைத்துக் கதை சொல்லுதல் தமிழருக்குப் புதியதன்று. பஞ்சதந்திரக் கதை ஒன்றையேனும் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை சென்ற தலைமுறைவரை அரிதாகவே இருந்திருக்கும். எனினும், இன்று பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ நான்கு வயதுத் தமிழ்க் குழந்தை திரையில் காணும் விலங்குக் கதை பெரும்பாலும் பஞ்சதந்திர வகையைச் சேர்ந்ததன்று. அதில் சிங்க அரசன் இல்லை. சூழ்ச்சி செய்யும் நரி அமைச்சனும் இல்லை. ஒரே வீட்டில் பிறந்த இரு முயல்களோ நாய்க்குட்டிகளோ பன்றிக்குட்டிகளோ அங்கே வாழ்கின்றன. ஒரு பொம்மையை யார் முதலில் எடுத்து விளையாடுவது, தம்பி உறங்காமல் அடம்பிடித்தால் என் செய்வது என்பன போன்றவையே அங்கு எழும் சிக்கல்கள். உடன்பிறந்தார் இருவரும் பேசி அவற்றைத் தீர்த்துக்கொள்வதே கதை.

இவ்வகைப் பாலர் தொடர் எவ்வாறு உருவாயிற்று என்பதையும், மலேசிய மண்ணில் விலங்குக் கதை அடைந்த மாற்றங்களோடு அதற்குள்ள தொடர்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஏட்டிலிருந்து திரைக்கு வந்த இவ்வரலாற்றை நாம் மூன்று கட்டங்களாகப் பகுத்துக் காண்கிறோம். முதற்கட்டத்தில் தமிழ் கொடுக்கும் மொழியாக இருந்தது. இரண்டாம் கட்டத்தில் இந்நாட்டு இந்தியக் கலைஞர் ஒருவரின் கை முன்னின்றது. மூன்றாம் கட்டத்திலோ தமிழ் பெரும்பாலும் பெறும் மொழியாகவே நிற்கிறது. இம்மூன்றாம் கட்டமே குழந்தையின் வீட்டு மொழியோடு நேரடியாகத் தொடர்புடையது என்பதால் இவ்வேறுபாடு தமிழாசிரியர்களின் கவனத்திற்குரியது என்பது நம் கருத்து.

அரசவைக் கதை மலாக்காவை அடைதல்

பஞ்சதந்திரம் குழந்தைகளுக்கென எழுந்த நூல் அன்று. அரச குமாரர்க்கு நீதி உணர்த்தும் நூலாகவே அது தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நட்பைப் பிரித்தலைக் கூறும் மித்திரபேதமும் நட்பைப் பெறுதலைக் கூறும் சுகிர்லாபமும் ஆட்சிக் கலையின் கூறுகளே. தமிழில் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திர உரைநடை 1826ஆம் ஆண்டு சென்னையில் வெளிவந்தது. பிற்காலத்தில் அது பாடநூலாகப் பயின்றபோதுதான் பள்ளிச் சிறுவர்களின் உடைமையாயிற்று.

அடுத்த பத்தாண்டுக்குள் அக்கதைகள் தமிழிலிருந்து மலாய்க்குச் சென்றன. மலாக்காவில் 1796ஆம் ஆண்டு பிறந்த முன்ஷி அப்துல்லா, 1835ஆம் ஆண்டு தமிழ்ப் பஞ்சதந்திரத்தை மலாயில் பெயர்த்தார். ‘ஹிகாயாட் பஞ்ச தந்தரன்’ எனும் அம்மொழிபெயர்ப்பில் தமிழ் நண்பர் ஒருவரின் துணையும் அவருக்குக் கிடைத்தது. மலாக்காவின் வணிகக் குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கும் வணிகமும் கற்பதற்காகத் தமிழ் பயின்ற காலம் அது. அப்துல்லாவும் அவ்வாறே தமிழ் பயின்றார். இக்கதைகளின் மற்றொரு வடிவம் அரபு, பாரசீக வழியாக முன்னரே மலாயை அடைந்திருந்தது. ஆயினும், அப்துல்லாவின் நூல் தமிழிலிருந்து நேரே வந்தது என்பதே நம் ஆய்வுக்கு இன்றியமையாத செய்தியாகும்.

மலாய் மக்களிடையே இதற்கு இணையான வாய்மொழி மரபொன்றும் வளமாக வாழ்ந்து வந்தது. ‘சாங் கஞ்சில்’ எனப்படும் சருகுமானின் கதைகளே அவை. ஆற்றைக் கடக்க விரும்பிய சருகுமான், அரசன் விருந்து தரப்போவதாகவும் அதற்காக முதலைகளை எண்ணவேண்டும் எனவும் சொல்லி அவற்றை வரிசையாக நிற்கவைத்து, அவற்றின் முதுகின்மேல் துள்ளிக் கரையேறிய கதையை மலேசியக் குழந்தைகள் இன உணர்வின்றி அறிவர். சிறியது தன் அறிவால் பெரியதை வெல்லும் என்பதில் சருகுமானும், சிங்கத்தைக் கிணற்றில் பாயவைத்த பஞ்சதந்திர முயலும் ஒன்றே. ஆனால், இருவகைக் கதையிலும் எதிரி உண்டு; வெற்றி உண்டு; தோற்றவனுக்குக் கேடும் உண்டு. விலங்குகளுக்குள் அரசன், அமைச்சன், நண்பன், பகைவன் எனும் உறவுகள் காணப்படுகின்றன. அக்காள் தம்பி உறவு கதையின் மையமாவதில்லை.

சருகுமான் திரைக்கு வருதல்

மலாயாத் திரைப்படப் பிரிவு 1946ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. மலேசியா உருவான காலத்தில் அது ஃபிலெம் நெகாரா எனும் பெயர் பெற்றது. அரசின் செய்திப்படங்களையும் விளக்கப்படங்களையும் உருவாக்குவதே அதன் முதன்மைப் பணி. அந்நிறுவனத்தில் அரங்க வடிவமைப்பாளராகப் பணியாற்றிய ஆனந்தம் சேவியர் உருவாக்கிய ‘ஹிகாயாட் சாங் கஞ்சில்’ எனும் குறும்படமே மலேசியாவின் முதல் அசைவூட்டக் குறும்படமாகக் கருதப்படுகிறது. 1978ஆம் ஆண்டு நிறைவுற்ற அப்படம் 1983ஆம் ஆண்டில்தான் தொலைக்காட்சியில் ஒளியேறியது.

அக்காலத்தில் இத்தகைய படம் முழுவதும் கையால் வரையப்பட்டது என்பதை இன்றைய மாணவர்க்கு நாம் எடுத்துரைத்தல் வேண்டும். திரைப்படச்சுருள் ஒரு நொடிக்கு 24 சட்டங்களாக ஓடுவது. ஒரு படத்தை இருமுறை பதிவு செய்து சிக்கனம் பிடித்தாலும் நொடிக்கு 12 ஓவியங்கள் தேவை. இக்கணக்கின்படி பத்து நிமிடப் படமொன்றுக்கு 7,200 ஓவியங்கள் வேண்டும். கணினியின் துணையின்றி, அரசுப் பணிகளுக்கிடையே ஒரு சிறு குழு அதனைச் செய்துமுடித்தது எளிய செயலன்று.

இதனைத் தொடர்ந்து ஹசான் அப்துல் முத்தாலிப் இயக்கிய ‘சாங் கஞ்சிலும் குரங்கும்’ 1984ஆம் ஆண்டிலும், ‘சாங் கஞ்சிலும் முதலையும்’ 1987ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் அறிவுள்ள காகம், செருக்குற்ற முயல், பேராசைச் சிங்கம் ஆகியவற்றைத் தலைப்பாகக் கொண்ட குறும்படங்களும் வந்தன. இத்தலைப்புகளே இக்கட்டத்தின் தன்மையைக் காட்டுகின்றன. ஒவ்வொரு விலங்கும் ஒரு குணத்தின் உருவம். ஒவ்வொரு படமும் ஒரு நீதி. ஆசிரியர் வகுப்பில் சொல்லும் கதையின் திரை வடிவமே அது. மலேசிய அசைவூட்டப்படத்தின் தொடக்கம் ஒரு விலங்குக் கதை என்பதும், அதனை வரைந்து காட்டியவர் இந்திய வம்சாவளிக் கலைஞர் என்பதும் நம் மாணவர்கள் அறியவேண்டிய செய்திகள். படத்தின் மொழி மலாய். கதையும் மலாய் மக்களுடையது. தேசிய மொழியில் அனைவர்க்கும் பொதுவான ஒரு கதையைத் தேர்ந்தது அந்நாளின் பண்பாட்டுச் சூழலுக்கு இயல்பானதே.

கம்பத்துப் பிள்ளைகளும் உடன்பிறப்புகளும்

1990களின் நடுப்பகுதியில் ‘ஊசோப் சொந்தோரியான்’ தொடர் வந்தது. அதில் விலங்கு விலகிக் கம்பத்துச் சிறுவர்கள் முன்னணிக்கு வந்தனர். 1999ஆம் ஆண்டில் பூப்பந்து ஆட்டத்தில் புகழ்பெற்ற பந்திங் நகரின் சீடேக் சகோதரர்களின் இளமையை வைத்து ஒரு தொடர் வந்தது. உடன்பிறந்தார் கதை இவ்வாறு மலேசியத் திரையில் இடம்பிடித்தது. இதே காலத்தில், 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி அமைப்புக்குள் கொண்டுவந்தது. பள்ளி செல்லும் முன்னுள்ள குழந்தை, கல்வித் திட்டத்திற்கும் ஒளிபரப்புக்கும் உரிய தனிப் பிரிவாகக் கருதப்படலாயிற்று.

ஷா ஆலாமில் இயங்கும் லெஸ் கொப்பாக் நிறுவனத்தின் ‘உப்பின் இப்பின்’ 2007ஆம் ஆண்டு நோன்பு மாதத்தில் ஒளியேறியது. இரட்டையரான இருவரும் பாட்டியிடமும் அக்காள் ரோஸிடமும் வளர்கின்றனர். ஐந்து நிமிடம் முன்னர்ப் பிறந்ததனால் உப்பின் அண்ணன். நோன்பிருத்தல், பல் துலக்குதல், கடன் பெற்ற பொருளைத் திருப்பித் தருதல் முதலிய சிறு செய்திகளே கதையாயின. அதே நிறுவனம் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பாட சமான் டஹுலு’ தொடர் இவ்விரு மரபுகளையும் இணைத்தது. அதில் ஆரிஸ், ஆரா எனும் உடன்பிறந்தார் இருவர் தாத்தாவிடம் பழைய விலங்குக் கதைகளைக் கேட்கின்றனர். கேட்ட கதை அவர்களின் அன்றைய பிணக்குக்கு விடையாகிறது. அடுத்து 2014ஆம் ஆண்டில் டிடி, நானா, ஜோஜோ எனும் மூன்று கோழிக்குஞ்சுகளின் பாடல் தொடர் இணையவழி பரவியது. விலங்கு மீண்டும் திரைக்கு வந்தது. ஆனால், சூழ்ச்சிக்காரனாக அன்று, குழந்தையாக.

அயல்நாடுகளிலும் இம்மாற்றமே நிகழ்ந்தது. ரோஸ்மேரி வெல்ஸின் நூல்களைத் தழுவிய ‘மேக்ஸ் அண்ட் ரூபி’ 2002ஆம் ஆண்டிலும், பிரித்தானியாவின் ‘பெப்பா பிக்’ 2004ஆம் ஆண்டிலும், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் உருவான ‘புளூயி’ 2018ஆம் ஆண்டிலும் தொடங்கின. முறையே முயல், பன்றி, நாய்க் குடும்பங்களின் உடன்பிறந்தார் கதைகள் இவை. ஐந்து முதல் பத்து நிமிடங்களில் ஒரு சிக்கல் தோன்றி, வளர்ந்து, தீர்கிறது. பகைவன் இல்லாத இக்கதையைப் பேச்சே நகர்த்துகிறது. கேட்டல், மறுத்தல், வேண்டுதல், மன்னிப்புக் கேட்டல், விட்டுக்கொடுத்தல் ஆகிய மொழிச் செயல்களே இதன் உள்ளடக்கம் எனலாம்.

உறவுமுறைச் சொல்லும் மொழிமாற்றமும்

இங்குதான் தமிழுக்குரிய சிக்கல் எழுகிறது. நீதிக்கதை எம்மொழியில் கேட்டாலும் நீதி மாறுவதில்லை. உடன்பிறந்தார் கதையோ அவ்வாறன்று. அது மொழியின் உறவுமுறையில் வேரூன்றியது. புளூயியின் தங்கை பிங்கோ தன் அக்காளைப் பெயர் சொல்லியே அழைக்கிறாள். ஆங்கிலத்தில் அது இயல்பு. தமிழில் இளையவள் மூத்தவளை ‘அக்கா’ என்றே அழைப்பாள். மலாயிலும் அவ்வாறே, உப்பினும் இப்பினும் தம் அக்காளை ‘காக் ரோஸ்’ என்றே அழைக்கின்றனர். தமிழில் மூத்தவர் இளையவரை ‘நீ’ என்பதும், பெற்றோரையும் பாட்டனாரையும் எவ்விகுதியால் விளிப்பது என்பதும் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மொழிமாற்றம் செய்வோர் ஒவ்வோர் உரையாடலிலும் இவற்றை முடிவு செய்யவேண்டும். அத்துடன் உருவத்தின் வாயசைவுக்குள்ளும் சொல் அடங்கவேண்டும்.

சொல் மட்டுமன்று, தீர்வும் வேறுபடும். அயல்நாட்டுத் தொடர்களில் இருவரும் மாறி மாறி விளையாடுவதே நேர்மையான முடிவாகக் காட்டப்படும். நம் குடும்பங்களில், ‘தம்பிதானே, நீ விட்டுக்கொடு’ என மூத்தவரிடம் சொல்லுதல் வழக்கம். இவற்றுள் எது சிறந்தது என்பது வேறு வினா. மூத்தவர்க்கு மட்டும் எப்போதும் இழப்பு நேர்வது முறையா எனக் குழந்தைகளே கேட்கக்கூடும். ஆனால், அவ்வினாவைத் தமிழில் கேட்கும் கதைமாந்தர் திரையில் தோன்றினாலன்றி, அது தமிழில் பேசப்படாது.

நல்ல மொழிமாற்றம் இயலாததன்று. சென்னையில் 2007ஆம் ஆண்டு தொடங்கிய சுட்டி தொலைக்காட்சி ‘டோரா’ தொடரைத் தமிழில் வழங்கியது. ஆஸ்ட்ரோ வழி அவ்வலைவரிசை மலேசிய இல்லங்களையும் அடைந்தது. டோராவின் குரங்குத் தோழன் தமிழில் ‘புஜ்ஜி’ ஆனான். வீட்டுச் செல்லப்பெயர் போன்ற அச்சொல் குழந்தைகளின் நாவில் நின்றது. பெயர்க்கத் தெரிந்தவர் பெயர்த்தால் விளைவது இதுவே. ஆயினும், அது சென்னையில் அமைந்த தமிழ். கிள்ளான் பள்ளத்தாக்குக் குழந்தையின் வீடு, பாலர் பள்ளி, அங்காடிக் கடை, பல்லின அண்டை வீட்டார் ஆகியவை அதில் இல்லை. சென்னையில் 2013ஆம் ஆண்டு தொடங்கிய சூசூ டிவி போன்ற இணைய அலைவரிசைகள் வழங்குவனவும் பெரும்பாலும் பாடல்களும் நீதிக்கதைகளுமே.

இதன் விளைவைத் தமிழாசிரியர்கள் நன்கு அறிவர். முதலாம் ஆண்டில் சேரும் மாணவன் ‘அணில்’, ‘ஆடு’ என எழுத்தட்டையைக் கண்டு சொல்கிறான். வகுப்புத் தோழன் அழிப்பானைப் பறித்துவிட்டால் மட்டும் ஆங்கிலத்திலோ மலாயிலோ முறையிடுகிறான். பெயர்ச்சொல் தமிழில் உள்ளது. பிணக்கு வேறு மொழியில் நிகழ்கிறது. இதற்குத் தொலைக்காட்சி மட்டுமே காரணம் என நாம் கூறவில்லை. பெற்றோரின் மொழித் தேர்வும் குடும்பச் சூழலும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. எனினும், நாள்தோறும் பிணக்கையும் இணக்கத்தையும் நடித்துக் காட்டும் ஊடகம் தமிழில் குறைவாயிருப்பது அந்நிலையை வலுப்படுத்துகிறது என்பது மறுக்கவியலாதது.

முடிவுரை

விலங்குக் கதை அரசவையில் தொடங்கி, ஆற்றங்கரைச் சருகுமானிடம் வந்து, இன்று குழந்தையின் கூடத்தை அடைந்திருக்கிறது. 1835ஆம் ஆண்டில் தமிழ் இம்மண்ணின் மற்றொரு மொழிக்குக் கதை தந்தது. 1978ஆம் ஆண்டில் இந்நாட்டு இந்தியர் ஒருவர் அதே வகைக் கதைக்கு அசைவு தந்தார். ஆகவே, நமக்கு மரபும் இல்லாமலில்லை, திறனும் இல்லாமலில்லை. குறைவது, வீட்டில் பேசும் தமிழைத் திரைக்குரிய தமிழாக மதிக்கும் மனப்பான்மையே.

தொடரொன்றை உருவாக்கப் பெரும்பொருள் வேண்டும் என்பது உண்மை. ஆனால், அதற்கு முந்திய பணிக்குப் பொருளினும் உழைப்பே வேண்டும். நான்கைந்து வயது உடன்பிறந்தார் தம்முள் எவ்வாறு பேசிக்கொள்கின்றனர், எச்சொல்லால் கேட்கின்றனர், எச்சொல்லால் மறுக்கின்றனர், எப்போது மொழி மாறுகின்றனர் என்பதைப் பெற்றோரின் இசைவுடன் பதிவு செய்து தொகுத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி வளாகங்களில் நடைபெறும் பாலர் வகுப்புகளும், பயிற்சி ஆசிரியர்களும், இந்திய ஆய்வியல் துறை மாணவர்களும் இணைந்தால் இஃது இயலும். அத்தொகுப்பு இருந்தால், மொழிமாற்றுநர்க்கும் கதையாசிரியர்க்கும் அது கைந்நூலாகும். வகுப்பறையில் நடிப்புக்குரிய சிறு உரையாடல்களாகவும் அதனை உடனே பயன்படுத்தலாம். பாலர் தமிழை ஆராய்வோர் இப்பணியை முதற்கண் மேற்கொள்ளுதல் பயனுடையதாகும்.