நாட்டு நாய்களைப் பழக்குதல்

தமிழகத்து நாய் இனங்களும் ஊர் நாய்களும் மனிதரோடும் கால்நடைகளோடும் இடரில்லாமல் வாழக் கற்பிக்கும் முறை நாட்டு நாய்களைப் பழக்குதல் ஆகும். வளர்ப்போர் கேட்பவை பெரும்பாலும் சில கேள்விகளே: குட்டி கையைக் கடிக்கிறது, இரவெல்லாம் குரைக்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை, கோழியைத் துரத்துகிறது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது. இவற்றில் பல நாயின் குறைகள் அல்ல. எந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்களோ, அந்த வேலையை அது வேறொரு இடத்தில் செய்துகொண்டிருக்கிறது.

திருப்பத்தூர் மாவட்டத்தின் ஜவ்வாது மலைப் பகுதியில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு ஆகிய ஊராட்சிகள் உள்ளன. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இவ்வூர்களில் சாமைக் கொல்லையும் ஆட்டுப்பட்டியும் காட்டை ஒட்டியே இருக்கும். காட்டுப்பன்றி வரும் இடத்தில் இரவில் குரைப்பதே நாயின் பணி. குரைக்காத நாய்க்கு அங்கே மதிப்பில்லை. அதே வளர்ப்பில் வந்த குட்டியை மலையடிவார நகரத்து மாடி வீட்டில் கட்டிப்போட்டால், தெருவில் போகும் ஒவ்வொரு வண்டிக்கும் குரைக்கும். அடுத்த வீட்டாருக்கு அது தொல்லை. நாயோ தன் கடமையைத்தான் செய்கிறது.

இந்தக் கடமையின் பழமைக்குச் சான்று ஜவ்வாது மலைக்குத் தெற்கே, செங்கம் பகுதியில் எடுத்தனூர் நடுகல்லில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அந்த 7ஆம் நூற்றாண்டுக் கல், எருமைகளின் பொருட்டு நடந்த சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக நடப்பட்டது. கோவிவன் என்ற அவனது நாய் இரு கள்ளரைக் கடித்துக் காவலிருந்ததை அக்கல்வெட்டு பெயர் சொல்லிப் பதிவு செய்கிறது; நாயின் உருவமும் கல்லில் உண்டு. நாய்க்கும் பெயர் எழுதி வைத்த அந்த மரியாதை இன்று வளர்ப்போருக்கும் வேண்டும்.

இனமும் இயல்பும்

தமிழகத்தின் அறியப்பட்ட இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. இந்திய அஞ்சல் துறை 2005இல் வெளியிட்ட நாய் இன அஞ்சல்தலைகளில் ராஜபாளையமும் இடம்பெற்றது. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை நாய்கள். முயலோ பூனையோ அசைந்தால் போதும், கால் கிளம்பிவிடும். ஓட்டம் பிடித்தபின் எவ்வளவு கத்தினாலும் காதில் ஏறாது. இதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணி அடிப்பவர்கள் பலர். செய்ய வேண்டியது வேறு. பத்துப் பதினைந்து மீட்டர் கயிற்றில் விட்டு, அது எதையும் காணாத நேரத்தில் 'வா' என்றழைத்து, வந்தவுடன் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்றைக் கொடுக்க வேண்டும். வந்த நாயை ஒருபோதும் திட்டக்கூடாது. கூப்பிட்டுத் திட்டினால், வருவது தவறு என்றே நாய் கற்றுக்கொள்ளும். மூடிய வளாகத்துக்கு வெளியே இவ்வின நாயைக் கயிறின்றி விடாமலிருப்பதே நல்லது.

கோம்பை காவலுக்குப் பெயர்பெற்றது. அந்நியர் மீது ஐயம் அதன் இயல்பு என்பதால், குட்டியாக இருக்கும்போதே பலவகை மனிதரைக் காட்டிவிட வேண்டும்.

குட்டிப் பருவம்

அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட், ஃபுல்லர் ஆகியோர் 1965இல் வெளியிட்ட நூல், குட்டியின் சமூக இயல்பு உருவாகும் காலம் ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை என்று காட்டியது. இக்காலத்தில் குழந்தை, குடை, ஹெல்மெட் அணிந்தவர், ஆடு, மாடு எல்லாவற்றையும் அச்சமின்றிப் பார்த்த குட்டி பின்னாளில் எளிதில் மிரளாது. தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்காமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டலாம்.

நம் ஊர்களில் ஒரு மாதத்திலேயே குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பல கடிச் சிக்கல்களின் வேர் இதுவே. உடன்பிறப்புகளோடு விளையாடும்போதுதான், அழுத்திக் கடித்தால் ஆட்டம் நின்றுபோகும் என்பதைக் குட்டி அறிகிறது. எட்டு வாரம் தாயோடு விடுவது அந்தப் பாடத்துக்கு இடம் தரும். அதன்பின்னும் கடி நிற்காது. 28 பால்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைக்கும் காலம் ஆறேழு மாதம் வரை நீளும். கடித்தவுடன் கையை இழுத்து ஆட்டினால் அதுவும் ஒரு விளையாட்டாகிவிடும். அசையாமல் நின்று, விளையாட்டை நிறுத்தி, கடிக்க ஒரு கயிற்று முடிச்சைக் கொடுக்க வேண்டும்.

வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் குட்டிக்கு, தூங்கி எழுந்தவுடனும் தின்றவுடனும் விளையாடிய பின்னும் வெளியே கொண்டுபோவதே தீர்வு. மூக்கைச் சிறுநீரில் தேய்ப்பது பயனற்றது. ஆளில்லாத மூலையில் ஒளிந்து கழிக்க மட்டுமே அது கற்றுக்கொடுக்கும்.

அடியும் சங்கிலியும்

நாயை அடக்கி ஆள வேண்டும் என்ற கருத்துக்கு ஓநாய் ஆய்வு ஒன்று துணையாக நின்றது. 1947இல் ருடால்ஃப் ஷெங்கல் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து, வலியது மற்றவற்றை அடக்கித் தலைமை ஏற்கும் என்று எழுதியதை, 1970இல் வெளியான டேவிட் மெக்கின் நூல் பரப்பியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாயும் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று கண்ட மெக், 1999இல் அக்கருத்தைத் தாமே மறுத்தெழுதினார். அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021இல், எல்லா நாய்களுக்கும் வெகுமதி வழிப் பயிற்சியே ஏற்றது என்று அறிவித்தது. கொல்கத்தா ஐசர் நிறுவனத்தின் ஆய்வோ, பயிற்சியே பெறாத தெரு நாய்களும் மனிதர் கைகாட்டும் திசையைப் புரிந்துகொள்வதைக் காட்டியது. இவ்வளவு கூர்ந்து நம்மைக் கவனிக்கும் உயிருக்குப் பிரம்பு எதற்கு?

நாள் முழுதும் குட்டைச் சங்கிலியில் கட்டிய நாய் குரைப்பதும் சீறுவதும் கூடும். 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமற்ற அளவுக்குக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும், கட்டியே வளர்க்கும் நாய்க்கு உடற்பயிற்சி தராததையும் வதை என்கிறது. காலையும் மாலையும் நடக்கவிட்டாலே பல வீடுகளில் குரைப்பு குறைந்துவிடும்.

ஆடு, கோழி துரத்தும் பழக்கத்தைக் குட்டியிலேயே தடுப்பது எளிது. பட்டியருகே கயிற்றில் உட்காரவைத்து, ஆட்டைப் பார்த்தும் அமைதியாக இருக்கும் கணத்தில் தீனி தர வேண்டும். விளையாட்டுக்காகக்கூடச் 'சூ' காட்டி ஏவக்கூடாது. காட்டோர ஊர்களில் இன்னொரு காரணமும் உண்டு: முயலையோ மானையோ நாயை விட்டுத் துரத்துவது 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை.

மருத்துவரிடம் போக வேண்டிய நிலை

பழகிய நாய் திடீரென்று குணம் மாறினால் அது பயிற்சிக் குறை அன்று. காதுப் புண், மூட்டு வலி, பல் வலி எதுவானாலும் தொட்டால் சீறச் செய்யும். எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல், காரணமின்றிக் கடித்தல் ஆகியவை வெறிநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது நாயைத் தொடாமல் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும் பின்னர் மருத்துவர் சொல்லும் காலத்தில் மறு ஊசியும் தேவை. எந்த நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். தோலினுள் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாள்களில் போடப்படுகிறது; தோல் கிழிந்து இரத்தம் வந்த காயத்துக்கு இம்யூனோகுளோபுலினும் சேர்த்துத் தரப்படும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் அப்பக்கூடாது.