பூச்சிகளின் இழைமணிப் பரம்பரையலகுகளும் கணனியும்

உயிர்க்கலத்துக்கு வேண்டிய சக்தியைப் பிறப்பிக்கும் இழைமணிகள் தமக்கெனச் சிறிய டீ.என்.ஏ வளையமொன்றைக் கொண்டுள்ளன. பூச்சிகளில் இவ்வளையம் பெரும்பாலும் 15,000 முதல் 18,000 வரையான மூலச்சோடிகளால் ஆனது. இதில் பொதுவாக 37 பரம்பரையலகுகள் உள. அவற்றுள் 13 புரதங்களுக்கும், 22 இடமாற்று ஆர்.என்.ஏக்களுக்கும், 2 இறைபோசோம் ஆர்.என்.ஏக்களுக்கும் உரியன. புள்ளியும் சொற்பிரிப்புமற்ற ஏட்டுச்சுவடி போன்ற இத்தொடரில் எது எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என வரையறுக்கும் பணி கணனியின் கைக்கு மாறிய வரலாற்றையும், அதனால் எழுந்த சிக்கலையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1981 இல் கேம்பிறிட்ஜ் ஆய்வாளர்கள் மனித இழைமணியின் 16,569 மூலச்சோடிகளையும் வரிசைப்படுத்தினர். 1985 இல் கிளாரி, வூல்ஸ்டன்ஹோம் ஆகிய இருவரும் துரோசோபிலா யகூபா என்னும் பழ ஈயின் 16,019 மூலச்சோடிகளை வெளியிட்டனர். 1993 இல் தேனீயின் வரிசை வெளிவந்தது. அக்காலத்தில், முன்னர் அறியப்பட்ட வரிசைகளுடன் ஒப்புநோக்கி, ஒவ்வோர் எல்லையையும் ஆய்வாளரே தீர்மானித்தனர்.

1997 இல் லோ, எடி என்போர் வெளியிட்ட ரீ.ஆர்.என்.ஏ.ஸ்கான்-எஸ்.ஈ என்னும் மென்பொருள், இடமாற்று ஆர்.என்.ஏயின் கிளாவர் இலை வடிவத்தைக் கொண்டு அதனை இனங்கண்டது. ஆயின் பூச்சிகளின் செரீன் இடமாற்று ஆர்.என்.ஏக்களுள் ஒன்று அவ்வடிவத்தின் ஒரு கையை இழந்தது; ஆதலின் அது பலகால் தவறவிடப்பட்டது. இத்தகைய குறையுருக்களையும் கண்டறியும் பொருட்டு 2008 இல் ஆர்வென் தோன்றியது. 2004 இல் வந்த டொக்மாவும், 2013 இல் வந்த மைற்றோசும் வளையம் முழுவதற்கும் விளக்கக்குறிப்பு அளிக்க வல்லன. பல நாட் பணி இவற்றால் சிறுபொழுதில் முடிவதாயிற்று.

ஆயினும் விரைவு வேறு, திருத்தம் வேறு. பூச்சிகளின் சில புரதப் பரம்பரையலகுகள் டீ அல்லது டீ.ஏ என்னும் குறைமுடிவுடனேயே நின்றுவிடும், தூது ஆர்.என்.ஏயின் இறுதியில் பின்னர் சேர்க்கப்படும் ஏ மூலங்களே நிறுத்தற்குறியை நிறைவுசெய்கின்றன. நிறைவான குறியையே தேடும் செய்நிரல், எல்லையைக் கடந்து அயலிலுள்ள பரம்பரையலகினுட் புகுந்துவிடும். தொடக்கமும் இத்தகையதே. துரோசோபிலாவின் சீ.ஓ.1 பரம்பரையலகு நான்கு மூலங்களாலான குறியுடன் தொடங்குவதாக 1980களில் கருதப்பட்டது. 2009 இல் தூது ஆர்.என்.ஏக்களையே ஆராய்ந்தபோது, டீ.சி.ஜி என்னும் மும்மையே தொடக்கம் எனத் தெரியவந்தது. அவ்வாண்டிலேயே, மனித உடற்பேனின் இழைமணிப் பரம்பரையலகுகள் பல சிறு வளையங்களிற் பிரிந்து கிடப்பதும் அறியப்பட்டது. ஒரே வளையம் என்னும் எதிர்பார்ப்பும் இங்கு பொய்த்தது.

இப்பிழைகள் ஓரிடத்தில் அடங்குவன அல்ல. புதிய வரிசைக்குப் பழைய வரிசையே அளவுகோலாதலின், தரவுத்தொகுதியில் ஒருமுறை புகுந்த பிழை பின்வருவோர்க்குச் சான்றாகிவிடுகின்றது. அதன்மீது எழுப்பப்படும் ஒப்பீட்டு முடிவுகளும் ஐயத்துக்குரியன ஆகின்றன. 2014 இல் ஸ்டீவன் கமறொன் பூச்சி ஆய்வாளர்க்கென வழிகாட்டிக் கட்டுரையொன்றை வெளியிடவேண்டி நேர்ந்தமை இப்பணியின் நுட்பத்தைக் காட்டுகின்றது.

கணனி தருவது முதற்படியே. அதனை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது ஆய்வாளன் கடனாகும்.