கோலா கங்சார்: சிறுகடை வணிகமும் வாங்குவோர் மனமும்

பேராக் மாநிலத்தின் அரச நகரான கோலா கங்சாரிலும், அதே மாவட்டத்தைச் சேர்ந்த சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலும், சிறுகடைக்காரர்கள் வாடிக்கையாளரின் மனப்போக்கை அறிந்து வணிகம் செய்த முறைகளைப் பற்றியது இக்கட்டுரை. ‘நுகர்வோர் உளவியல்’ பல்கலைக்கழகப் பாடமாவதற்கு முன்பே கடைப்பற்று, கொசுறு, சம்பள நாள் ஆகிய மூன்றையும் சுற்றி இம்முறைகள் இங்கே வேரூன்றிவிட்டன.

தோட்டங்களுக்கு முந்திய வணிகத்தைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் சொற்பம். பேராக் ஆற்றின் மறுகரையிலுள்ள சாயோங்கில் செய்யப்படும் ‘லாபு சாயோங்’ என்ற சுரைக்காய் வடிவ மண்கூஜா பழம்பெயர் பெற்றது. சுட்ட சூட்டோடு உமியில் புதைத்து எடுப்பதால் அதற்கு அழகான கருநிறம் ஏறுகிறது. அதில் ஊற்றிய தண்ணீர் குளிர்ந்திருக்கும் என்ற நம்பிக்கையே அதன் முதல் விளம்பரம்.

1877இல் பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற ஹியூ லோவின் காலத்தில், கியூ தாவரத் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த ரப்பர் கன்றுகளில் 9 கோலா கங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்றெனக் கருதப்படும் மரம் மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறவே தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் மூலம் தமிழ்த் தொழிலாளர்கள் வந்தனர். இந்தியா 1938இல் தடை விதிக்கும் வரை இந்த ஆள்சேர்ப்பு நீடித்தது.

தோட்டக்கடை இந்தச் சூழலில் வளர்ந்தது. தொழிலாளி விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பில் பேர் கொடுத்துப் பால்மரம் வெட்டப் போவார். கூலி நாள்கணக்கில் சேரும். கைக்கு வருவதோ மாதக் கடைசியில். இடைப்பட்ட நாள்களில் அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், துணி எல்லாம் பற்றில்தான். கடை நடத்தியவர்களில் தமிழ் முஸ்லிம்களும் சீன வணிகர்களான தவுக்கேகளும் இருந்தனர். சில இடங்களில் கங்காணிகளே கடை வைத்திருந்ததாகக் குறிப்புகள் உள்ளன. அது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதில் கருத்து வேறுபடுகிறது.

பிற்காலத்தில் இந்தப் பற்றுக்கணக்கு ‘555’ என்று அட்டையில் அச்சிட்ட சிறிய நோட்டில் குடியேறியது. சட்டைப் பையில் அடங்கும் இந்த நோட்டு, மலேசியாவின் எல்லா இனத்தாருக்கும் கடைக்கடனின் மறுபெயராகவே நிலைத்துவிட்டது. தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து ஒரு பிள்ளை நோட்டோடு கடைக்குப் போகும். கடைக்காரர் சாமானைக் கட்டித் தந்து, தொகையை எழுதி, நோட்டைத் திருப்பிக் கொடுப்பார். காசு கைமாறாததால் அப்போதைக்குச் செலவு உறைப்பதில்லை. பணம் கொடுக்கும் வேளையில் மனத்தில் எழும் இந்த வலியை டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் ஆராய்ந்து எழுதினர்.

சம்பள நாளில் கெட்டிக்காரக் கடைக்காரர் முழுப்பாக்கியையும் கேட்டு நெருக்கமாட்டார். கொஞ்சம் நிலுவை இருந்தால்தான் குடும்பம் அடுத்த கடைக்குப் போகாது. கணக்கை முழுவதும் தீர்ப்பது உறவை முறிப்பதற்கு ஒப்பாகவும் கருதப்பட்டது. காசு கட்டியதும் பிள்ளைக்கு ஒரு பிடி கல்கண்டு, தையில் கடைப்பெயர் அச்சிட்ட காலண்டர், தீபாவளிக்கு ஏதாவது ஒரு சாமான் என்று கொசுறும் தொடர்ந்தது. பெற்றதற்குத் திருப்பிச் செய்யும் உணர்வை உளவியலாளர் ராபர்ட் சியால்டினி 1984இல் வெளியிட்ட நூலில் இணங்கவைக்கும் வழிகளுள் முதலாவதாக வைத்தார்; தோட்டக் கடைக்காரருக்கு அது அன்றாடப் பழக்கம்.

இது உதவியா, கட்டிவைக்கும் கயிறா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. காய்ச்சலில் படுத்து வேலைக்குப் போகாத மாதத்திலும் அரிசி தந்தவர் கடைக்காரர்தான் என்பார் உண்டு. எழுதத் தெரியாதவரின் கணக்கில் தொகை கூடியது என்பாரும் உண்டு. இரண்டும் ஒரே கடையில் நடந்திருக்கலாம். கடை கயிறாகிவிடக்கூடும் என்று சட்டம் அஞ்சியது: 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், கூலியை எங்கே, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடுவதைத் தடுத்தது, சில்லறைக் கடைகளில் வைத்துக் கூலி கொடுப்பதையும், அங்கேயே வேலை செய்பவர்களுக்குத் தவிர, தடை செய்தது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. 1951இல் உணவுக் கட்டுப்பாடு கடுமையானது. டின் உணவுகளைக் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியாளர்களுக்காகச் சேர்த்துவைக்க முடியாதபடி, விற்கும்போதே கடைக்காரர் டின்னைத் துளையிட்டுத் தர வேண்டியிருந்தது. யாருக்கு எவ்வளவு விற்றார் என்பதையும் எழுத வேண்டும். வாடிக்கையாளரை நம்பி எழுதிய கையே அவரைச் சந்தேகித்தும் எழுத நேர்ந்தது.

சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன், தோட்டங்களைக் கூறுபோட்டு விற்கும் துண்டாடலை எதிர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம் என்ற ஏற்பாடு, மாதக் கணக்கில் வாழ்ந்த தொழிலாளியின் மனத்தை அறிந்து செய்தது. பெருந்தொகையாகக் கேட்டிருந்தால் லயங்களில் எத்தனை பேர் முன்வந்திருப்பார்கள் என்பது ஐயமே.

தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கு மாறி, மக்கள் தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தபின் தோட்டக்கடை தேய்ந்தது. பேரங்காடிகளும் இரவுச் சந்தைகளும் வாடிக்கையாளரைப் பங்கிட்டுக்கொண்டன.

2008 ஏப்ரல் முதல் மொத்தத் தொகையை 5 சென்னுக்கு முழுமைப்படுத்தும் முறை வந்தும், 9.99 போன்ற விலைச்சீட்டுகள் மறையவில்லை. 2020 நடமாட்டக் கட்டுப்பாட்டுக்குப் பிறகு சிறுகடைகளில் வாட்ஸ்அப் ஆர்டரும் கியூஆர் கட்டணமும் பரவின. இத்தகைய சிறுகடைக்காரர்கள் கடன் பெற, சிறுதொழில் கடனுக்கென 1998இல் தொடங்கிய அரசு நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியர்களுக்கென ஸ்புமி திட்டம் உள்ளது.