வாசலில் நிற்பது யார்? – அத்தியாயம் 9: பையைத் திறந்து காட்டுங்கள், மகன்

சென்ற வாரம் வனாத்தவில்லுவில் நின்றோம். 2019 ஜனவரி 16. லாக்டோ தோட்டம் என்று ஊரவர் சொல்லும் காணிக்குள் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் நுழைந்தபோது அங்கே கிடைத்தது சுமார் 100 கிலோ வெடிபொருளும் டெட்டனேட்டர்களும். மாவனல்லையில் புத்தர் சிலைகளை உடைத்தவர்களைத் தேடிப் போன வழக்கு, நம் புத்தளம் மாவட்டத்துத் தென்னந்தோட்டத்தில் வந்து முடிந்தது. நால்வர் கைதானார்கள். ஆனால் வழக்கின் வேர் வரை யாரும் போகவில்லை. மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் தேவாலயங்கள் வெடித்தன. கொழும்பில் ஹோட்டல்கள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

மறுநாள் தொடங்கவிருந்த இரண்டாம் தவணை தொடங்கவில்லை. விடுமுறை ஒரு தடவை நீண்டது, இன்னொரு தடவையும் நீண்டது. கடைசியில் கல்வி அமைச்சு இரண்டு நாள்களைக் குறித்தது: 6ஆம் வகுப்பு முதல் மேலே உள்ளவர்களுக்கு மே 6, முதலாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை மே 13. கத்தோலிக்கப் பாடசாலைகள் அந்த மே 6இலும் திறக்கவில்லை.

பாலாவியைக் கடந்து கொழும்புப் பக்கம் வந்தால் மதுரங்குளி. அங்கிருந்து முந்தல் வரை வீதியின் இரு பக்கமும் கடையாமோட்டை, கனமூலை, விருதோடை, நல்லாந்தழுவை என்று ஊர்கள். முஸ்லிம், சிங்கள, தமிழ்ப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தத்தம் பாடசாலைக்குப் போகிற பகுதி இது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை வழக்கமாக உண்டு. அந்த ஆண்டு நோன்பு மே 7இல் தொடங்கியது. ஆகவே முதலில் திறந்த வாசல்கள் பெரும்பாலும் மற்றவர்களுடையவை.

அந்த வாசல்களில் நாடெங்கும் நடந்தது ஒன்றுதான். முந்தின நாள்களில் ஆமியும் பொலிசும் வகுப்பறை வகுப்பறையாகத் தேடிவிட்டுப் போயிருந்தார்கள். பாடசாலைக்கு அருகே வாகனம் நிறுத்தக் கூடாது என்று உத்தரவு. கேற்றில் மேசை போட்டு, தகப்பன்மார் ஆண் பிள்ளைகளின் பைகளையும் தாய்மார் பெண் பிள்ளைகளின் பைகளையும் திறந்து பார்த்தார்கள். சோற்றுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், கொம்பாஸ் பெட்டி எல்லாம் மேசைக்கு வந்தன. உள்ளே தெரிகிற பை வேண்டும் என்று சில பாடசாலைகள் கேட்டன. கடைகளில் அதற்கும் விலை ஏறியது. அது கட்டாயமில்லை என்று அமைச்சு பிறகு விளக்கியது. அந்தக் காலையில் வந்த பிள்ளைகளோ மிகக் குறைவு.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். இலங்கையில் அரச பாடசாலைகள் சுமார் 10,000. அவற்றில் மத்திய அமைச்சின் நேரடிப் பொறுப்பில் இருந்த தேசியப் பாடசாலைகள் அப்போது நானூறுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் மாகாண சபைகளின் கையில். மதுரங்குளியைச் சுற்றியுள்ள சிறிய பாடசாலைகளின் நிலையும் அதுதான். மதில் எழுப்ப, கேற் மாற்ற, சிசிடிவி கமரா பூட்ட, இரவுக் காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க ஓர் அதிபர் முதலில் யாரிடம் போவார்? பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம். அந்தச் சங்கத்தின் பணம் யாருடையது? உப்பளத்திலும் இறால் பண்ணையிலும் களப்பிலும் கூலிக்கு நிற்கிற பெற்றோருடையது. பாதுகாப்புக் குழு அமையுங்கள் என்று மேலிருந்து சொல்வது சுலபம். குழுவில் உட்காருகிற தகப்பன் அன்றைய நாள்கூலியை இழந்துதான் கேற்றில் நிற்கிறான். நாட்டின் பாதுகாப்புச் செலவில் ஒரு பகுதி இப்படிக் கணக்கில் எழுதப்படாமலே ஏழைகளின் தலையில் விழுந்தது. இதை அநியாயம் என்றே நான் எழுதுகிறேன்.

அப்படியானால் ஆசிரியரின் கையிலேயே துவக்கைக் கொடுத்துவிட்டால் என்ன? உலகில் இதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2014 டிசம்பர் 16இல் பாகிஸ்தானின் பெஷாவர் இராணுவப் பாடசாலைக்குள் புகுந்த தாலிபான்கள் 130க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்றார்கள். அடுத்த மாதமே கைபர் பக்தூன்குவா மாகாணம் ஆசிரியர்கள் துவக்கு வைத்திருக்க அனுமதித்தது. ஆசிரியைகளும் சுடப் பழகினார்கள். அதே 2015இல் சுவாத்தின் மிங்கோராவில் ஓர் ஆசிரியரின் துவக்கு தவறுதலாக வெடித்து மாணவன் ஒருவன் இறந்தான். 2016 ஜனவரியில் சார்சத்தா பச்சா கான் பல்கலைக்கழகத்துக்குள் துப்பாக்கிதாரிகள் வந்தபோது, இரசாயனவியல் விரிவுரையாளர் சையது ஹமீது ஹுசைன் தன் கைத்துப்பாக்கியால் திருப்பிச் சுட்டார். மாணவர்கள் ஓடித் தப்ப அவர் நேரம் வாங்கிக் கொடுத்தார் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். அவர் தப்பவில்லை. அமெரிக்காவின் புளோரிடாவில், 2018 பெப்ரவரியில் பார்க்லண்ட் பாடசாலையில் 17 பேர் கொல்லப்பட்ட பின், பயிற்சி பெற்ற ஊழியர் ஆயுதம் தரிக்கச் சட்டம் வந்தது. அதற்கு அரசே பணமும் ஒதுக்கியது. ஹமீது ஹுசைனின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு மனிதனின் துணிச்சலை நாட்டின் கல்விக் கொள்கையாக்க முடியாது.

நமக்குப் பெஷாவர் வரை போகத் தேவையில்லை. பொதுமக்களின் கையில் துவக்கு கொடுத்த அனுபவம் இந்த மண்ணுக்கே உண்டு. எண்பதுகளின் நடுவில் எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படை உருவானது. ஊரைக் காக்க ஊரவனுக்கே துவக்கு. கேட்கும்போது நியாயமாகவே இருந்தது. இரவில் மக்கள் வெட்டிக் கொல்லப்பட்ட கிராமங்களுக்கு வேறு வழியும் தெரியவில்லை. ஆனால் 1992 ஏப்ரல் 29இல் பொலன்னறுவை மாவட்டத்தில் நடந்ததைப் பாருங்கள். அழிஞ்சிப்பொத்தானையில் புலிகள் ஐம்பதுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களைக் கொன்றார்கள். அன்றே முத்துக்கல், கரப்பொல கிராமங்களில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். கொன்ற கூட்டத்தில் ஊர்காவல் படையினரும் இருந்தார்கள். காவலுக்குக் கொடுத்த துவக்கு ஒரே நாளில் பழிவாங்கும் துவக்கானது. 1990 ஒக்டோபரில் துவக்கு முனையில் வடக்கை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்திலும் மதுரங்குளியிலும் ஓலைக் கொட்டிலில் வாழ்வைத் தொடங்கிய முஸ்லிம்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஊர்காவல் படைதான் 2006இல் சிவில் பாதுகாப்புத் திணைக்களம் ஆனது. போர் முடிந்த பின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் முன்பள்ளி ஆசிரியைகள் பலருக்கு இந்தத் திணைக்களமே சம்பளம் கொடுத்தது. மற்ற முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கிடைத்த சிறு கொடுப்பனவைவிட அது பல மடங்கு. பிள்ளைக்கு ‘அ’ எழுதப் பழக்குகிற பெண் பாதுகாப்புத் துறையின் ஊழியராக இருந்தால்தான் வயிறு நிறையும் என்ற நிலை. இன்னொரு பக்கம், அதிபர்களை ரன்டம்பே பயிற்சி நிலையத்தில் பயிற்றுவித்துக் கௌரவ கேணல் பட்டம் சூட்டினார்கள். ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பட்டங்கள் நிற்கவில்லை. கல்விக்குப் போக வேண்டிய மரியாதையும் பணமும் சீருடை வழியாக வரத் தொடங்கினால், நாளைக்குத் துவக்கும் அதே வழியில் வரும் என்பதுதான் என் அச்சம்.

மீண்டும் 2019 மே மாதத்துக்கு வருவோம். வாசலில் நின்றவர்கள் பையை மட்டும் பார்க்கவில்லை. அவிசாவளைக்கு அருகே புவக்பிட்டிய தமிழ்ப் பாடசாலையில், அபாயா அணிந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளைப் பெற்றோர் மறித்தார்கள். ஆண்டுக்கணக்காக அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. அந்த வாசலில் நின்றவர்களின் கையில் அன்று துவக்கு இருந்திருந்தால்? பயம் ஏறிய நேரத்தில் யார் பிள்ளையைக் காக்க வந்தவர், யார் கெடுக்க வந்தவர் என்று பிரித்தறியும் நிதானம் யாருக்கு இருந்தது?

மே 6 முடிந்தது. ஒவ்வொரு நாளும் இன்னும் சில பிள்ளைகள் கூடினார்கள். பெரிய வகுப்புகள் மெல்ல நிறைய, அதிபர்கள் மே 13ஐப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு தாய்மார் வரப்போகிற நாள். மேசைகள் தயார், முறைப் பட்டியல் தயார்.

மே 12, ஞாயிறு. மதுரங்குளியிலிருந்து அதே வீதியில் தெற்கே போனால் சிலாபம். அங்கே ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். அதை மிரட்டல் என்று வாசித்தவர்கள் கூடினார்கள். கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல் மீது கல் விழுந்தது. பிற்பகலுக்குள் சிலாபத்தில் ஊரடங்கு. அதிலிருந்து கிளம்பிய கூட்டம் வடமேல் மாகாணத்துக்குள் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. விடிந்தால் திங்கட்கிழமை, முதலாம் வகுப்புக்கு வாசல் திறக்கும் நாள்.

(அடுத்த வாரம்: மே 13 – கொட்டாரமுல்லையில் மாலை)