மூச்சு முட்டும் செல்லில் ஓடும் தறி

சிந்தாதிரிப்பேட்டை என்பது ‘சின்னத் தறிப் பேட்டை’யின் மரூஉ என்பார்கள். 1734இல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் இது. தறிச் சத்தம் அடங்கி வெகுகாலமாயிற்று. ஆயினும் செல்லுக்குள் புரதம் உருவாவதைப் படிக்கும்போதெல்லாம் இங்கே குடியிருக்கும் எனக்குத் தறிதான் நினைவுக்கு வருகிறது.

பௌதிக ஆசிரியனுக்குப் புரதத்தில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். கதை தொடங்குவதே பௌதிகத்தில்தான்.

இங்கிருந்து தெற்கே, அடையாற்றில் உள்ளது புற்றுநோய் நிலையம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முன்நின்று எழுப்பியது அது. 1952இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954இல் நிலையம் பணியைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் கனடாவிலிருந்து கோபால்ட்-60 சாதனமும் வந்து சேர்ந்தது. அதிலிருந்து வரும் காமாக் கதிர் உடலின் ஆழத்திலுள்ள கட்டியையும் எட்டும். ஆனால் கதிர்ச் சிகிச்சை நடந்த ஊர்களில் எல்லாம் ஒரு புதிர் இருந்தது. கட்டி கரைந்துவிட்டது என்று மகிழ்ந்து வீடு திரும்பியவர்களில் சிலர், சில மாதங்களில் அதே கட்டியோடு மீண்டும் வந்தார்கள். கதிர் பட்ட இடத்தில் பிழைத்துக் கிடந்தவை எவை?

விடையில் பெரும்பகுதியைக் கண்டவர் எல்.எச். கிரே என்ற ஆங்கிலேயப் பௌதிகர். உடல் ஏற்கும் கதிரின் அலகுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது. ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும் என்பதன் முக்கியத்துவத்தை 1953இல் அவரும் தோழர்களும் எடுத்துக்காட்டினர். கதிர் டி.என்.ஏ.யில் உண்டாக்கும் சிதைவை ஆக்சிஜன் நிலைபெறச் செய்கிறது. அது இல்லையேல் சிதைவின் ஒரு பகுதி சரியாகிவிடுகிறது. 1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளை மெல்லிய சீவல்களாக்கிப் பார்த்தனர். இரத்தக் குழாயுள்ள திசுவை ஒட்டிய செல்கள் உயிரோடிருந்தன, 0.2 மி.மீ. அளவு உள்ளே போனால் செத்த செல்களே. இரண்டுக்கும் இடையில், மூச்சு முட்டிக்கொண்டே உயிர் வாழும் செல்கள். கதிருக்குத் தப்புபவை இவையே!

கதிரைச் சிறு சிறு அளவாகப் பல நாள் கொடுப்பதற்கு இதுவும் ஒரு நியாயம். வெளிச் செல்கள் மடிய, உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டுகிறது. அடுத்த கதிருக்கு அவை அகப்படுகின்றன. இரத்தசோகை உள்ளவருக்குக் கதிரின் பலன் குறைவதற்கும் இதுவே ஒரு காரணம். அடையாற்றில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் 1970களில் வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரோடு பிளியோமைசின் மருந்தைச் சேர்த்து, கதிர் மட்டும் தருவதைவிட நல்ல பலன் கண்டனர்.

சரி, அந்த இடைச் செல்கள் எப்படிப் பிழைக்கின்றன? இங்கேதான் தறி வருகிறது. புரதம் நெய்வது செலவு மிகுந்த வேலை. ஆக்சிஜன் இல்லையேல் குளுக்கோஸ் தரும் ஆற்றல் பதினைந்தில் ஒரு பங்காகிவிடும். ஆகவே செல் தறிகளில் பெரும்பாலானவற்றை நிறுத்திவிடுகிறது. நெய்ய வேண்டிய மாதிரியைக் கொண்டு வருவது தூது ஆர்.என்.ஏ. அதன் நுனியில் ஒரு ‘தொப்பி’ உண்டு. 4இ என்ற புரதம் அத்தொப்பியைப் பற்றிக் கொடுத்தால்தான் தறி ஓடும். ஆக்சிஜன் குறைந்தால் அந்த 4இயைக் கட்டிப்போட்டுவிடுகிறது செல்.

சிக்கல் என்னவென்றால், அப்போதும் சில புரதங்கள் மும்முரமாக நெய்யப்படுகின்றன. ஆக்சிஜன் பஞ்சத்தில் எந்த ஜீன்கள் விழிக்க வேண்டும் என்று ஆணையிடும் எச்.ஐ.எஃப். என்ற புரதம் 1990களில் வெளிப்பட்டது. அத்துறை ஆய்வுக்கு 2019இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆணை பிறக்கிறது, சரி. நிறுத்திய தறியில் நெய்வது யார்?

2012இல் கனடாவின் ஒட்டாவா நகர ஆய்வாளர் யூனியாக்கி, லீ குழுவினர் இதற்கு விடை சொன்னார்கள். 4இக்கு 4இ2 என்றொரு பங்காளி உண்டு. சாதாரண நாளில் அது ஒதுங்கிக் கிடக்கும். ஆக்சிஜன் குறைந்ததும் எச்.ஐ.எஃப்.-2 ஆல்ஃபா, ஆர்.பி.எம்.4 ஆகிய இரண்டும் அதனோடு சேர்ந்து, வேண்டிய மாதிரிகளின் தொப்பியை மட்டும் பற்றுகின்றன. அண்ணன் கட்டுண்டு கிடக்கத் தம்பி தறியேறுகிறான்! 4இ2ஐ அடக்கிய புற்றுநோய்ச் செல்கள் எலிகளில் பெரிய கட்டியாக வளரத் திணறியதை அக்குழுவே 2014இல் காட்டியது.

எச்.ஐ.எஃப்.-2 ஆல்ஃபாவைத் தடுக்கும் பெல்சுட்டிஃபான் என்ற மருந்தை, பரம்பரையாக வரும் ஒருவகை நோயில் தோன்றும் சிறுநீரகப் புற்றுநோய் முதலியவற்றுக்கு 2021இல் அமெரிக்கா அனுமதித்தது. ஆனால் அது தடுப்பது ஜீன்களுக்கு ஆணையிடும் வேலையை. தறியேறும் வேலையைத் தடுப்பதற்காக அது ஆக்கப்படவில்லை.