ஆம்பூரில் தீர்ந்துபோன 254 எண்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. தோல் கம்பெனி நடத்துபவர்களும் அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர்களும் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் உங்கள் விருப்பம்.

சென்ற மாதம் ஆம்பூரிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறார். "சார், எங்க நெட்வொர்க்ல எண் தீர்ந்துபோச்சாம். லேபிள் அடிக்கிற கம்ப்யூட்டருக்குக் காலையிலேர்ந்து எண் கிடைக்கல. சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்பணும். கடைசியில இருக்கிற 255.0-ஐ 254.0-னு மாத்தினா இடம் இரண்டு மடங்காயிடும்னு பையன் சொல்றான். மாத்தலாமா?"

எட்டாம் வகுப்பு வரை கணக்கு எடுத்தவனிடம் ஏன் இதைக் கேட்கிறார் என்று முதலில் புரியவில்லை. 0, 1 இரண்டை மட்டும் வைத்து எண் எழுதும் முறையை அவருக்குக் கரும்பலகையில் காட்டியது நான்தானாம். சரி, நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, இரவு உட்கார்ந்து இந்த எண்களின் வரலாற்றைப் படித்தேன்.

முதலில் நம் பின்கோடை எடுத்துக்கொள்ளுங்கள். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆம்பூருக்கு 635802. முதல் மூன்று இலக்கம் தபால் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்கிறது. பின் மூன்று எந்த அஞ்சலகம் என்கிறது. கோடு எப்போதும் நடுவில்தான். கம்ப்யூட்டர் முகவரியும் இப்படித்தான் இரண்டு பாகம்: தெரு ஒன்று, வீட்டு எண் ஒன்று. ஆனால் இங்கே கோடு நகரும். அது எங்கே விழுகிறது என்று சொல்வதுதான் 255.255.255.0 என்ற அந்த மாஸ்க்.

தொடக்கத்தில் கோடு நகரவில்லை. 1981-இல் ஜான் போஸ்டல் தொகுத்து வெளியிட்ட விதிமுறையில் முகவரிக்கு 32 இருநிலை இலக்கங்கள். மொத்தம் சுமார் 429 கோடி எண்கள். அதை மூன்று அளவாக வெட்டினார்கள். பெரியதில் 1 கோடியே 67 லட்சம், நடுவில் 65,536, சிறியதில் 256. சிறியதில் முதல் எண்ணும் கடைசி எண்ணும் பயன்படாது என்பதால் 254. ஆம்பூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், 7ஆம் நம்பர் ஷூ கடிக்கிறது, கடையில் அடுத்த அளவு 70 மட்டும்தான் இருக்கிறது என்கிற நிலைமை. 300 எண் தேவைப்பட்ட நிறுவனம் 65,000-க்கும் மேல் வாங்கி, மீதியைச் சும்மா வைத்திருந்தது.

1984-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஜெஃப்ரி மோகல், ஒரே வளாகத்துக்குள் பல நெட்வொர்க் இருந்தால் பெரிய துண்டை உள்ளேயே பிரித்துக்கொள்ளலாம் என்று எழுதினார். 1985 ஆகஸ்டில் அவரும் போஸ்டலும் சேர்ந்து அதை விதியாக்கினார்கள். சப்நெட் என்ற ஏற்பாடு அதுதான். கவனியுங்கள், பிரிப்பதற்காகத்தான் அது வந்தது. 1993 செப்டம்பரில் மூன்று அளவு என்ற கட்டுப்பாடே போனது. கோட்டை எங்கே வேண்டுமானாலும் போடலாம், சிறு துண்டுகளைச் சேர்க்கவும் செய்யலாம். அந்த ஆவணத்தை எழுதிய நால்வரில் கே. வரதன் என்று ஒரு பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். 1996-இல் 192.168 என்று தொடங்கும் எண்களை யார் வேண்டுமானாலும் தம் கட்டடத்துக்குள் இலவசமாக வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். நம் வீட்டு வை-ஃபை பெட்டியில் இருப்பதும் அதுதான். அப்படியும் 2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கையிருப்பின் கடைசிக் கட்டுகளைப் பங்கிட்டுக் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

மாணவரின் இடத்துக்கு வருகிறேன். அவருடையது 192.168.1 என்ற தெரு. 254.0 என்று மாற்றினால் 1-உம் 2-உம் சேர்ந்துவிடும் என்று அந்தப் பையன் நினைத்திருக்கிறார். சேராது. 255-ஐ 254 ஆக்குவது மூன்றாம் எண்ணின் கடைசி இருநிலை இலக்கத்தை விட்டுவிடுவது. அந்த ஒரு இலக்கத்தில் மட்டும் வேறுபடும் எண்கள்தான் ஜோடி: 0-உடன் 1, 2-உடன் 3. 1-இன் ஜோடி 0. காகிதத்தில் எழுதிப் பாருங்கள், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

மறுநாள் போனில் இதைச் சொன்னதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பேரணாம்பட்டு சாலையில் இருக்கும் அவருடைய கிடங்கு 192.168.0 தெருவில் இருக்கிறது. அங்கிருந்துதான் சரக்குக் கணக்கு வருகிறது. மாற்றியிருந்தால் ஒரே எண் இரண்டு இடத்தில் இருந்து, கிடங்குத் தொடர்பே போயிருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரின்டர், கேமரா, வருகைப் பதிவு மெஷின் இவற்றுக்கெல்லாம் மாஸ்க்கைக் கையால் போட்டிருப்பார்கள். ஒன்றை மறந்தாலும், புதிய பாதியில் இருக்கும் கம்ப்யூட்டர் கேட்பது அதன் காதில் விழும். பதிலை மட்டும் அது வெளியூர்த் தபால் என்று நினைத்துத் தவறான வழியில் அனுப்பும். சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. ஒரேயடியாக நின்றுபோனதைச் சரிசெய்துவிடலாம், இதைக் கண்டுபிடிக்க நாள் கணக்காகும்.

"அதிருக்கட்டும்பா, 254 எண்ணை யார் வைச்சிருக்காங்க? எண்ணிப் பாத்தியா?" என்றேன். மாலையில் எண்ணிச் சொன்னார். மெஷின், கேமரா எல்லாம் சேர்த்து 110-க்குள். மீதி முழுக்கச் செல்போன். தொழிலாளர், டிரைவர், தரம் பார்க்க வருபவர் எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்டு. எண்ணை ஒருமுறை கொடுத்தால் 8 நாள் பிடித்து வைக்கும்படி சர்வரில் இருந்தது. விண்டோஸ் சர்வரில் மாற்றாமல் விட்டால் அந்தக் கணக்குத்தான். திங்களன்று வந்துபோன டிரைவரின் போனுக்கு அடுத்த வாரமும் இடம் ஒதுக்கி வைத்திருந்திருக்கிறது.

நம் வேலூர் மாவட்டமே நினைவுக்கு வந்தது. வடஆர்க்காடு 1989-இல் பிரிந்தது. 2019 ஆகஸ்ட் 15 அன்று வேலூரை மூன்றாகப் பிரிக்கும் அறிவிப்பு வந்தது, ஆம்பூர் திருப்பத்தூரோடு போனது. கலெக்டர் ஆபீஸ் மாறியதே தவிர 635802 மாறவில்லை, வீட்டுக் கதவில் யாரும் எண்ணை அழித்து எழுதவில்லை. அதேபோல இங்கும் பழைய தெருவைத் தொடாமல் செல்போன்களை மட்டும் தனித் தெருவுக்கு அனுப்பிவிடச் சொன்னேன், அங்கே எண்ணின் ஆயுள் இரண்டு மணி நேரம் போதும் என்றும். மெஷின்களே 254-ஐத் தாண்டும் நாள் வந்தால் அப்போது பெரிதாக்கலாம். அதற்கு முன் கிடங்கை வேறு எண்ணுக்கு நகர்த்த வேண்டும்.

அந்தப் பையன் வியாழன் இரவு உட்கார்ந்து செய்து முடித்தார். சனிக்கிழமை கன்டெய்னர் கிளம்பியது. புது வை-ஃபையின் பாஸ்வேர்டு கேட்டுத் தன்னை யாரும் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை என்று இப்போது மாணவர் புலம்புகிறார்.